தடுத்து நிற்போரை முதலில் தெரிந்துகொள்வோம்



நம் வாலிபர்கள் கால்பந்து ஆட அணி பிரிப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கோல் அடிப்பவன் முதலில் அழைக்கப்படுகிறான். மீந்து நிற்பவனே, "நீ பின்னால் நில்" என்று தற்காப்புக்கு அனுப்பப்படுகிறான். இது தவறான வரிசை என்பது என் எண்ணம்.

2017 ஜூலை 23 அன்று மும்பையில், இந்தியன் சூப்பர் லீக் கழகங்கள் முறைவைத்து இந்திய வீரர்களைத் தெரிந்துகொண்டன. 'டிராஃப்ட்' எனப்படும் இம்முறையில், நாம் விட்டுவிட்டவரை அடுத்த கழகம் எடுத்துக்கொள்ளும். சென்னையின் எஃப்சி அன்று கீனன் அல்மேய்டா, ஃபுல்கான்கோ கார்டோசோ ஆகிய தற்காப்பு வீரர்களையும், அவர்களுக்கு முன்னே காவல் நிற்கும் நடுக்கள வீரர் தன்பால் கணேஷையும் சேர்த்துக்கொண்டது. கணேஷ் நமக்கு அந்நியர் அல்லர்; வியாசர்பாடி மண்ணில் வளர்ந்தவர். டிராஃப்டுக்கு வெளியே, செரெனோ, மெயில்சன் ஆல்வெஸ் என்னும் அயல்நாட்டுத் தற்காப்பு வீரர்களும் வந்து இணைந்தனர்.

2018 மார்ச் 13 அன்று அரையிறுதியில் கோவா அணி 3-0 எனத் தோற்றது. ஒரு கோல் கணேஷுடையது. மார்ச் 17 அன்று இறுதியாட்டத்தில், பெங்களூரு அணி 9ஆம் நிமிடத்திலேயே முந்தியது. ஆயினும் சென்னை 3-2 என வென்று கோப்பையைப் பெற்றது. அதில் இரண்டு கோல்களைத் தலையால் முட்டி அடித்தவர், தடுப்பதற்கென்றே அழைக்கப்பட்ட மெயில்சன்.

நெகேமியா எருசலேமின் அலங்கத்தைக் கட்டியதையும் நினைத்துப் பாருங்கள். தட்டாரும் தைலக்காரரும், ஒருவனுடைய குமாரத்திகளுங்கூட, அவரவர் பங்கை எடுத்துக் கட்டினார்கள்; அலங்கம் 52 நாட்களில் முடிந்தது. யார் எங்கே கட்டினார் என்பது பெயர் பெயராக எழுதப்பட்டிருக்கிறது.

நாமோ எப்படித் தெரிந்துகொள்கிறோம்? பாடுகிறவனையும் மேடையில் பேசுகிறவளையும் முதலில் எழுதுகிறோம். என் குற்றத்தையும் அறிக்கையிடுகிறேன். ஆராதனைக்கு முன் நாற்காலிகளை அடுக்கி, முதியோரைக் கைபிடித்து அமர்த்திய ஒரு தம்பி வராமற்போனதை நான் உணர ஒரு மாதம் ஆயிற்று. பாடகர் ஒருவர் வராதிருந்தால் அன்றே விசாரித்திருப்பேன். அவனைத் தேடிச் சென்றபோது, "ஐயா, என்னை யார் தேடப் போகிறார்கள் என்று நினைத்தேன்" என்றான். அந்தச் சொல் இன்னும் என்னைக் குத்துகிறது.

கோல் அடிக்காமல் ஆட்டத்தை வெல்ல முடியாது என்பீர்கள். மெய்தான், பாடகரும் வேண்டும். ஆனால் குடியும் போதையும் நம் தெருக்களில் பிள்ளைகளுக்கு வலைவிரிக்கும் இந்நாட்களில், திருவொற்றியூர்க் கரையில் அலையைத் தாங்கும் கருங்கற்களைப்போல் நிற்பவர்கள் நமக்கு முதலில் தேவை. மாலைப் படிப்பில் பிள்ளைகளோடு உட்காருகிறவர், வேலையிழந்தவன் வீட்டுக்கு நடந்து செல்கிறவர், இரவில் மருத்துவமனையில் துணையிருக்கிறவர் ஆகியோரே அவர்கள்.

ஆகவே இவ்வாண்டு வாலிபர் குழுவைத் தெரிந்துகொள்ளும்போது, அவர்களுடைய பெயர்களை முதலில் எழுதுவோம். மேடைக்குரியவர்களை அதன்பின் எழுதலாம்.

ஆண்டவரே, ஒருவரும் காணாத இடத்தில் நிற்பவர்களைக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். ஆமென்.