படகு டிசைனுக்குப் போய் காசா?

நேவல் ஆர்க்கிடெக்ட்னா நம்மாளுங்க கப்பற்படைக்காரர்னு நினைச்சுக்கறாங்க. இல்லீங்க, கப்பல், படகு டிசைன் பண்ற இன்ஜினியர். ஐஐடி மெட்ராஸ்லயே அதுக்குத் தனிப் படிப்பு இருக்கு.

ஃபீஸ்? முழு டிசைன்னா கட்டுமானச் செலவுல இத்தனை சதவீதம்னு பேசுவாங்க, சின்ன வேலைன்னா மணிக்கணக்கு. 'நாலு பேப்பருக்கு இவ்ளோவா, ஓடாவி சும்மாவே கட்டுவாரே'ன்னு ஓனருக்கு வயிறு எரியும்.

காஞ்சிபுரத்துக்காரனுக்கு இது புரியணும். புடவை டிசைனர் கிராஃப் தாள்ல கட்டம் கட்டமா வரைவார், அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில ஓட்டை போடுவாங்க. அந்தச் செலவு ஒரு தடவைதான், அதே அட்டையில எத்தனையோ புடவை நெய்யலாம். படகு வரைபடமும் அப்படித்தான். அஞ்சு ஓனர் சேர்ந்து ஒரே மாதிரி கட்டினா செலவு பிரியும். (ரெண்டாவது படகுக்கு ராயல்டி உண்டான்னு முன்னாடியே பேசிக்கணும். நம்ம சாஃப்ட்வேர் லைசென்ஸ் கதைதான் :-))

ஆனா டிசைன் சொதப்பினா புடவை விக்காது, அவ்ளோதான். 2023 மே 7, கேரளா தானூர்ல மீன்பிடிப் படகை சுற்றுலாப் படகா மாத்தி, அளவுக்கு மேல ஆளை ஏத்தி ஓட்டினாங்க. 22 பேர் செத்தாங்க.

மேல எடை ஏற ஏற எடைமையமும் மேல போகும், கவிழறது சுலபமாகும். இதைக் கண்டுபிடிக்க, தெரிஞ்ச எடையை ஒரு பக்கமா நகர்த்தி, படகு எவ்வளவு சாயுதுன்னு ஊசல்குண்டு கட்டி அளப்பாங்க. சின்னப் படகுன்னா ஒரே நாள்ல அளந்துடலாம். அப்புறம் கணக்கு.

முழு டிசைனுக்குக் காசு இல்லாத மீன்பிடிக்காரர் ஓடாவியையே நம்பட்டும், எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா மேல்தளமோ பெரிய இன்ஜினோ மாத்தினா இந்தச் சோதனை ஃபீஸையாவது கொடுக்கணும். ஆள் ஏத்துற படகுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. முழு ஃபீஸ், பேரமே பேசக்கூடாது.