யார் சுருதிக்கு யார்?

பாலஃபோனுக்குப் பிருடை கிடையாது. மேற்கு ஆப்பிரிக்கக் கலைஞரையும் அறை இசைக் குழுவையும் ஒரே மேடையில் உட்காரவைக்க நினைக்கிறவர்கள் முதலில் மனத்தில் வாங்கவேண்டியது இதைத்தான். கோலால் அடித்து வாசிக்கும் அதன் மரக்கட்டைகளைச் செதுக்கிய அன்று என்ன சுருதி அமைந்ததோ, மறுபடி செதுக்கும்வரை அதுதான் அதன் சுருதி. வயலினுக்கும் வயோலாவுக்கும் செல்லோவுக்கும் விரலை இம்மி நகர்த்தினால் போதும். அப்படியிருந்தும் நம் கூட்டு ஒத்திகைகள் பெரும்பாலும் எப்படித் தொடங்குகின்றன? 440 காட்டும் சுருதிக் கருவியை யாராவது ஒருவர் விருந்தினர் முன்னால் கொண்டுபோய் வைக்கிறார். விருந்தினரும் மரியாதைக்குச் சிரித்துவைக்கிறார்.

இரண்டு குளிர்காலங்களுக்கு முன் லண்டன் புறநகர் ஒன்றில், தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் ஒரு சனிக்கிழமையைக் கழித்தேன். காலையில் பட்டறை, மாலையில் கச்சேரி. கோரா கலைஞர் குளிர்ந்த காரிலிருந்து வாத்தியத்தை எடுத்து, வெப்பமூட்டி கொதித்துக்கொண்டிருந்த கூடத்துக்குள் கொண்டுவந்தார். பாதிச் சுரைக்குடுக்கை, அதன்மேல் இழுத்துக் கட்டிய மாட்டுத்தோல், 21 தந்திகள். தந்திகள் இப்போது மீன்பிடி நைலான். அவருடையது பழைய வகைக் கோரா. முறுக்காணி இல்லை, கழுத்தைச் சுற்றிய தோல்வளையங்களைக் கையால் மேலும் கீழும் தள்ளித்தான் சுருதி சேர்க்கவேண்டும். ஒன்றைத் தள்ளினார், கேட்டார், மறுபடி தள்ளினார். தோல் இளகியது, முன்பு சேர்த்ததெல்லாம் நழுவியது. அமைப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பிள்ளைகள் பிஸ்கட் தட்டின் பக்கம் நகர்ந்தார்கள்.

அப்போது செல்லோக்காரப் பெண் யாரையும் கேட்காமல் வில்லைக் கீழே வைத்துவிட்டு, தன் தந்தியை விரலால் மீட்டி, கோராவைக் கேட்டுக் கேட்டுக் கொஞ்சம் இறக்கினார். கோராக்காரர் நிமிர்ந்து பார்த்து அதே தந்தியை மறுபடி தட்டினார். செல்லோக்காரர் இன்னும் கொஞ்சம் இறக்கினார். பிஸ்கட்டை வாயில் வைத்துக்கொண்டே இரண்டு சிறுவர்கள் திரும்பி வந்தார்கள். கோராக்காரர் அவர்களை அந்தச் சுரத்தை முனகச் சொன்னார். முனகினார்கள். அந்த நாற்பது நிமிடத்தில் கூடத்தில் இருந்த எல்லோரும் கற்றுக்கொண்டது, பிறகு நடந்த ‘அதிகாரபூர்வ’ ஒன்றரை மணி நேரத்தில் கற்றதைவிட அதிகம். நிகழ்ச்சி நிரலில் அந்த நாற்பது நிமிடத்துக்கு இட்டிருந்த பெயர் ‘ஏற்பாட்டு நேரம்’.

என் வாதம் இவ்வளவுதான்: சுருதி சேர்ப்பதை மேடைக்குப் பின்னால் ஒளிக்காதீர்கள். பட்டறையின் முதல் பாடம் அது. யார் சுருதிக்கு யார் வந்து சேர்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே அந்தக் கூட்டணியின் யோக்கியதை தெரிந்துவிடும்.

கோராவில் மரபாக நான்கு சுருதியமைப்புகளைச் சொல்வார்கள். அவற்றில் ‘சௌத்தா’வில் நான்காம் சுரம் உயர்ந்து நிற்கும். நம் காதுக்குச் சட்டென்று கல்யாணி நினைவு வரும். ஆனால் அந்த நினைப்பை நம்பி மேலே போகக்கூடாது. ஒரே அமைப்பை இரண்டு ஊர்க்காரர்கள், ஏன், இரண்டு குடும்பத்தார்கூட நூலிழை வித்தியாசத்தில் சேர்ப்பார்கள். பாலஃபோனில் இன்னும் வேடிக்கை. மாந்தே மக்களின் மரபான பாலஃபோன்கள் பலவற்றில் ஸ்தாயி ஏறக்குறைய ஏழு சமபங்காகப் பிரிந்திருக்கும். 1200 சென்ட்டை ஏழால் வகுத்தால் 171 சொச்சம். பியானோவின் முழுச்சுரத்துக்கும் அரைச்சுரத்துக்கும் நடுவே எங்கோ நிற்கிற அளவு அது. மேற்கத்திய ஸ்வரப் பலகையை வைத்து அளந்தால் எல்லாமே ‘தப்பு’. தப்பு அளவுகோலில்தான்.

இதை வாத்தியக்காரர்கள் எப்போதோ புரிந்துகொண்டார்கள். 2009இல் பல்லாக்கே சிஸோக்கோவும் வின்சன்ட் செகாலும் வெளியிட்ட தொகுப்புக்குப் பெயரே ‘சேம்பர் மியூசிக்’. ஒரு கோரா, ஒரு செல்லோ. செகால் பாரிஸிலிருந்து மாலியின் பமாகோவுக்குப் போனார். பாடகர் சாலிஃப் கெய்தாவின் மூஃபு ஒலிப்பதிவுக் கூடத்தில் இரவு வேளைகளில் பதிவு நடந்தது. அதில் செல்லோ பல இடங்களில் வில்லைத் தொடுவதே இல்லை. விரலால் மீட்டி, கோராவின் ‘கும்பெங்கோ’வை, அதாவது திரும்பத் திரும்ப வரும் அடித்தளச் சுற்றை, தன் தோளில் வாங்கிக்கொள்கிறது. அப்போது சிஸோக்கோவின் விரல்கள் ‘பிரிமின்திங்கோ’வுக்கு, அந்தப் பாய்ச்சல் வரிசைகளுக்கு, விடுதலையாகின்றன. செல்லோ படிப்பவர்கள் பாடமாகவே வைத்துக் கேட்கவேண்டிய தட்டு. துணைக்கு இருப்பதும் ஒரு வித்தைதான் என்று மிருதங்கக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கன்சர்வேட்டரியில் படித்துவந்தவர்களுக்குச் சில சமயம் சொல்லவேண்டியிருக்கிறது.

வேல்ஸ் நாட்டு ஹார்ப் கலைஞர் கேட்ரின் ஃபிஞ்ச்சின் கதை வேறு மாதிரி. அவரோடு வாசிக்க இருந்தவர் மாலிக் கோரா கலைஞர் தூமானி ஜபாத்தே. 2012 மார்ச்சில் மாலியில் இராணுவப் புரட்சி வந்தது, தூமானியின் பயணம் குழம்பியது. இடைவெளியை நிரப்ப வந்தவர் செனகலின் காசமான்ஸைச் சேர்ந்த கோரா கலைஞர் சேக்கு கெய்தா. நிரப்ப வந்தவரோடு உறவு நிலைத்தது: 2013இல் ‘கிளிஹை டிபோன்’, 2018இல் ‘சோர்’, 2022இல் ‘எக்கோ’. ஹார்ப்பும் கோராவும் மூன்று தொகுப்பு நெடுகப் பேசிக்கொண்டதற்குக் காரணம் ஒலி ஒற்றுமை மட்டுமல்ல. வேல்ஸிலும் ஹார்ப்பும் பாணரும் குலவரலாறும் ஒன்றாக இருந்த காலம் உண்டு. மாலியில் அது இன்றும் ‘ஜெலி’ குடும்பங்களின் தொழில். (மாந்திங்கா மொழியில் ‘ஜாலி’ என்பார்கள், நம்மூரில் அதற்கு வேறு பொருள் என்பதால் மாலிக்காரர் சொல்வதுபோலவே எழுதுகிறேன்.) ஜபாத்தே, குயாத்தே, சிஸோக்கோ என்ற பெயர்களைக் கேட்டாலே தொழில் தெரிந்துவிடும். இசை வேளாளர் குடும்பங்களை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. அந்தப் பரம்பரைச் சொத்தை ஒன்றரை மணி நேரத்தில் ‘கற்றுத்தருகிறோம்’ என்று துண்டறிக்கை அடிக்கும்போது கொஞ்சம் கூச்சமாவது வரவேண்டும்.

அடுத்து, எழுத்து. குரோனோஸ் நால்வர் குழு தன் ‘ஃபிஃப்டி ஃபார் த ஃபியூச்சர்’ திட்டத்தில் 50 புதிய படைப்புகளைக் கேட்டு வாங்கி, ஸ்கோரையும் ஒவ்வொரு வாத்தியத்துக்கான தாள்களையும் எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளத் தந்திருக்கிறது. அதில் பாலஃபோன் கலைஞர் லாசனா ஜபாத்தேயின் ‘சுஞ்ஜாத்தாஸ் டைம்’ ஒன்று. நால்வருக்கான எழுத்துவடிவத்தை அமைத்தவர் ஜேக்கப் கார்ச்சிக். 13ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுஞ்ஜாத்தாவின் காவியப் பாத்திரங்கள்தான் அதன் பொருள். இளம் நால்வர் குழுக்களுக்கு இதைவிட நல்ல நுழைவாயில் எனக்குத் தெரியாது. ஆனால் தாளைப் பிரித்து நேரே வாசிக்கத் தொடங்காதீர்கள். முதலில் பாலஃபோனைக் கேளுங்கள், சுற்றை வாயால் பாடுங்கள், கால் தட்டாமல் பாடுங்கள். ‘முதல் அடி எங்கே?’ என்பது நோட்டு படித்தவரின் கேள்வி. எடுப்பு எங்கிருந்தாலும் தாளத்தைக் கையில் பிடித்துப் பழகிய நமக்கும் அந்தக் கேள்வி விடாது. கானாவின் ஏவே மக்களின் கங்கோகுயி மணியைப் பாருங்கள்: இரண்டு, இரண்டு, ஒன்று, இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று என்று பன்னிரண்டு துடிப்பில் சுழலும். அதை மூன்றாகவும் கேட்கலாம், நான்காகவும் கேட்கலாம். ஆடுகிறவரின் காலைப் பார்த்தால்தான் வழக்கு தீரும்.

ஒலிபெருக்கியாளர்களிடம் ஒரு சண்டை பாக்கியிருக்கிறது. கோராவின் குதிரையில் வளையங்கள் கோத்த ஒரு உலோகத் தகட்டை மாட்டுவதுண்டு. தந்தி அதிர்ந்தால் அது கிரீச்சிடும். பாலஃபோனின் கட்டைகளுக்கு அடியிலுள்ள சுரைக்குடுக்கைகளில் துளையிட்டு, சிலந்தி முட்டைக்கூட்டின் மெல்லிய சவ்வை ஒட்டுவது மரபு. அந்த இரைச்சல் வேண்டுமென்றே வைத்தது. தம்புராவின் குதிரையில் நாம் செருகும் நூல் எதற்கோ, ஏறக்குறைய அதற்குத்தான் அதுவும். ஒலிப்பலகையில் அதை ‘அழுக்கு’ என்று வடிகட்டி எடுப்பது தம்புராவின் ஜீவாவை உருவி எறிவதற்குச் சமம். எண்பது பேர் உட்காரும் கூடத்தில் ஒலிவாங்கியே வேண்டாம். நால்வர் குழு தணிந்து வாசிக்கட்டும்.

ஜெம்பே முரசு வட்டங்களைப் பற்றிச் சுருக்கமாக. முப்பது பேருக்கு முப்பது ஜெம்பே கொடுத்து ஒரு மணி நேரம் தட்டவைப்பதால் மன அழுத்தம் குறையலாம், மறுப்பதற்கில்லை. மாலிங்கே முறையில் பாட்டைச் சுமப்பது டுன்டுன்பா, சங்பன், கென்கெனி என்ற மூன்று டுன்டுன் முரசுகள். அவை இல்லாத ஜெம்பே பட்டறைக்கு மேற்கு ஆப்பிரிக்க இசைப் பட்டறை என்று பெயர் வைப்பது சரியில்லை. மூன்று டுன்டுன் வாங்கப் பணமில்லையென்றால் ஒன்றாவது வாங்குங்கள். பத்து ஜெம்பேயைக் குறையுங்கள்.

கடைசியாகப் பணம். நால்வருக்குத் தொழிற்சங்க விகிதத்தில் சம்பளம், கோராக்காரருக்கு ‘கௌரவத் தொகை’ என்ற கணக்கை நான் ஒன்றுக்கு மேற்பட்ட வரவுசெலவுத் தாளில் பார்த்துவிட்டேன். காலைப் பட்டறையை நடத்தி, மாலைக் கச்சேரியையும் வாசித்து, இரண்டுக்கும் சேர்த்து ஒரே தொகை வாங்கிப் போனவர்களையும் தெரியும். அச்சடித்த நிரலில் பாட்டின் பெயருக்கு எதிரே ‘மரபு’ என்று போட்டுவிட்டு, அந்த வடிவத்தை எந்தக் குடும்பத்திடமிருந்து, யாரிடமிருந்து கற்றார் என்பதைக் கேட்காமலே விடுவதும் அதே வகைதான். கேட்டால் சொல்வார்கள், ஜெலிகளுக்கு அதைச் சொல்வதே தொழில். நிரலில் இரண்டு வரி கூடும், அவ்வளவுதான்.

அடுத்த இதழில் வாசகர்களின் பட்டறைக் குறிப்புகளுக்காக ஆறு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். உங்கள் நிகழ்ச்சி எவ்வளவு நன்றாக நடந்தது என்று எழுதவேண்டாம். சுருதி சேர்க்க எத்தனை நிமிடம் ஆனது, யார் யாருக்குச் சேர்த்தார்கள், அப்போது பிள்ளைகள் எங்கே இருந்தார்கள், யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் – இந்த நான்கையும் எழுதி அனுப்புங்கள்.