ஆர்சி புத்தகத்தில் யார் பெயர்?

கொங்கு நாட்டில் ஒரு பெண்ணின் வாழ்க்கைக்குள் கார் நுழையும் வாசல் பெரும்பாலும் கல்யாண மண்டபத்தின் வாசல்தான். பானெட்டில் மாலை, கண்ணாடியில் சந்தனப் பொட்டு, தாம்பாளத்தில் சாவி. சாவி போகும் கை மாப்பிள்ளையின் கை. போட்டோவில் பெண்ணும் பக்கத்தில் நிற்பாள். "இத்தனை பவுனும் ஒரு காரும்" என்று பேசி முடித்த பேச்சில் பவுனையாவது அவள் ஒரு நாள் கழுத்தில் போட்டுப் பார்க்கிறாள். காரில் அவளுக்குக் கிடைப்பது இடப்பக்க சீட்.

2025 ஜூன் இறுதியில் அவிநாசி அருகே, திருமணமாகி மூன்று மாதம்கூட ஆகாத 27 வயதுப் பெண் ஒருவர் இறந்தார். வரதட்சணைக் கொடுமை என்று வழக்கு. எழுபது லட்ச ரூபாய் வால்வோ காரும் சீரில் இருந்தது என்று செய்தித்தாள்கள் எழுதின. எத்தனை பவுன் போட்டார்கள், எத்தனை பாக்கி என்று டீக்கடைகளில் ஒரு வாரம் கணக்குப் பார்த்தார்கள். அந்தக் கார் யார் பெயரில் பதிவாகியிருந்தது என்று கேட்டவரை நான் பார்க்கவில்லை.

1961 வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 6-வது பிரிவை நம் கல்லூரிகளில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? வரதட்சணையாக எதை யார் வாங்கியிருந்தாலும், திருமணத்தின்போது வாங்கியதென்றால் மூன்று மாதத்துக்குள் அதை அந்தப் பெண்ணுக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும் என்கிறது அது. குற்றமாக வாங்கிய பொருளும் அவளுக்கே சேர வேண்டியது. மண்டபத்து வாசலில் நிற்கும் அத்தனை கார்களின் ஆர்சி புத்தகத்தையும் ஒரு நாள் திறந்து பார்த்தால் இந்தச் சட்டத்தின் லட்சணம் தெரிந்துவிடும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் என் காரைப் பற்றிப் பேச முடியும். நான் வாங்கியது ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. எட்டு ஆண்டு ஓடியது, எனக்கு முன்னால் இரண்டு கை மாறியது. 1197 சிசி, டர்போ, 105 குதிரைத் திறன். இதைப் போய் ஸ்போர்ட்ஸ் கார் என்கிறாயா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இது போகிற போக்கு எனக்குப் போதும். கொடுத்தது நாலே முக்கால் லட்சம், வாங்கிய அன்றைய விலைக்கு ஐந்தாறு பவுன். "அதே காசுக்கு நகை எடுத்திருந்தா நாளைக்கு ஒதவும்" என்று அத்தை சொன்னார். உதவும்தான். யாருக்கு என்பதுதான் கேள்வி.

ஸ்கூட்டி வாங்கினால் எங்கள் ஊரில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பிள்ளையைப் பள்ளியில் விடலாம், ரேஷன் வாங்கலாம், மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம். பெண்ணின் வண்டி குடும்பத்துக்கு வேலை செய்யும்வரை அவளுக்குச் சுதந்திரம் உண்டு. வேகமாகப் போவதைத் தவிர வேறு காரணமே இல்லாத ஒரு பொருளை அவள் தன் காசில் வாங்கும்போதுதான் வீடு விழித்துக்கொள்கிறது. ஆணின் ஆசைக்கு 'பொழுதுபோக்கு' என்று மரியாதையான பெயர் இருக்கிறது. நம் ஆசைக்கு 'திமிர்'.

பழைய வண்டி வாங்கினால் முதலில் செய்ய வேண்டியது அதைப் புதுப்பிப்பது. பளபளப்பு கடைசி வேலை. முதலில் ரப்பரும் திரவமும். பட்டறை வாசலில் எனக்குக் கிடைத்த வரவேற்பு இது:

"ஏனுங்க மேடம், சார் வரலீங்களா?"

"சாரெல்லாம் இல்லீங்கண்ணா. வண்டி என்னுது."

"இல்லீங், என்ன வேலைன்னு சொல்லோணுமில்ல. அண்ணன் தம்பி யாராச்சும் இருந்தா போன் போட்டுக் குடுங்க, நான் சொல்லிப்போடறனுங்க."

அவர் கெட்டவர் அல்ல. மோர் வாங்கிக் கொடுத்தார், நிழலில் நாற்காலி போட்டார். எல்லா மரியாதையும் உண்டு, தகவல் மட்டும் கிடையாது. இந்த மரியாதையைத்தான் நான் எதிரி என்கிறேன். பெண்ணைத் திட்டுகிறவனிடம் திருப்பித் திட்டிவிடலாம். 'உங்களுக்கெதுக்குங் இந்தச் சிரமம்' என்று சிரித்தபடி பானெட்டை மூடுகிறவரை என்ன செய்வது? மூடிய பானெட்டுக்குப் பில் மட்டும் நம் பெயரில் வரும். இரண்டாவது பட்டறையில் "பக்கத்துல நின்னு பாக்கறதுன்னா பாருங்கக்கா, கிரீஸ் ஒட்டுனா என்னையச் சொல்லக்கூடாது" என்றார் ஒரு தம்பி. வேலை அங்கேதான் நடந்தது.

இந்த இடத்தில் ஒரு ஜெர்மன்காரியை அழைத்து வருகிறேன். பெர்த்தா பென்ஸ். 1871-ல், கல்யாணத்துக்கு முன்பே, தன் சீதனப் பணத்தை முன்கூட்டி வாங்கி, வருங்காலக் கணவர் கார்லின் தொழிலைக் காப்பாற்றினார். கூட்டாளியின் பங்கை வாங்கிக்கொள்ள அந்தப் பணம்தான் உதவியது. 1886-ல் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை வந்தது, கார்லின் பெயரில். 1888 ஆகஸ்டில், கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து அம்மா வீடு இருந்த போர்ட்ஸ்ஹைமுக்கு அந்த வண்டியை ஓட்டிப் போனார். நூறு கிலோமீட்டருக்கும் மேல். உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணம் அம்மா வீட்டுக்குப் போனதுதான் என்பதை நம் பெண்கள் நன்றாகப் புரிந்துகொள்வார்கள்.

வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். மின்கம்பியின் உறை தேய்ந்தது. காலுறையைப் பிடித்துக் கட்டும் வாரைச் சுற்றினார். பெட்ரோல் பங்க் என்று ஒன்று உலகத்திலேயே இல்லாத காலம். வீஸ்லோக் ஊரில் மருந்துக் கடைக்காரரிடம், கறை நீக்க விற்கும் திரவத்தை வாங்கி ஊற்றினார். இறக்கத்தில் மரப் பிரேக் தேய்ந்துபோனது. ஒரு செருப்புத் தைப்பவரைக் கூப்பிட்டு அதன்மேல் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். இன்று உங்கள் வீட்டுக் காரில் இருக்கும் பிரேக் பேடுக்கு அந்தத் தோல்தான் கொள்ளுப்பாட்டி. ஏற்றத்தில் வண்டி திணறியதைப் பார்த்து, இன்னொரு கியர் வேண்டும் என்று ஊர் திரும்பியதும் சொன்னார். கார் பிறந்து இரண்டரை ஆண்டில் அதைப் பழுது பார்த்ததும் மாற்றி அமைத்ததும் ஒரு பெண். சீதனமும் அவளுடையது, மாடிஃபிகேஷனும் அவளுடையது. பெயர்ப் பலகையில்தான் வேறு பெயர்.

ஆகவே கிரீஸைக் கண்டு கூச வேண்டாம். நான் கற்றுக்கொண்டதில் நீங்களும் தெரிந்துவைக்க வேண்டியதைச் சொல்கிறேன். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3217 என்றால் 2017-ம் ஆண்டின் 32-வது வாரம் பிறந்தது. பட்டன் தேயாமலே இருந்தாலும், வயதான ரப்பர் கல்லாகிவிடும், மழையில் பிடிக்காது. "பட்டன் நல்லாத்தானுங் இருக்குது" என்று விற்கிறவர் சொன்னால் அந்த நான்கு எண்ணைப் படித்துக் காட்டுங்கள். பேச்சு மாறும், விலையும் மாறும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடலாம். வால்பாறையிலிருந்து இறங்கும்போது விடாமல் பிரேக் மிதித்தால் டிஸ்க் சூடேறி, ஆயில் கொதித்து ஆவியாகி, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றினால் போதும், செலவும் அதிகமில்லை. இதை எந்த ஆணும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கார் ஓட்டத் தெரிந்த ஆண்களில் பாதிப் பேருக்கு இது தெரியவும் தெரியாது. அறியாமையைத் தைரியமாக மறைக்கத் தெரிவதுதான் நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம். லோயர் ஆர்ம் புஷ், கூலண்ட், பிளக், ஏர் ஃபில்டர் எல்லாம் வயதுக்குத் தேய்ந்தவை. மாற்றியாயிற்று.

பின் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. முந்தைய உரிமையாளரின் சாதிப் பெயர், பெரிய எழுத்தில், இரண்டு பக்கமும் வாள். அவிநாசி ரோட்டிலிருந்து பொள்ளாச்சி ரோடு வரை எத்தனை பார்க்கிறோம் இப்படி! வண்டியில் சாதி எழுதுவதை அவர்கள் அலங்காரம் என்கிறார்கள். அந்த வாள் யாரைக் காட்டி நிற்கிறது என்று நமக்குத் தெரியும். சொந்தமாக ஆளைத் தேர்ந்தெடுக்கும் மகளைக் காட்டி. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அதைப் பட்டப்பகலில் காட்டியது. முடி உலர்த்தும் டிரையரை வைத்துச் சூடேற்றி, பிளேடால் ஒரு ஓரத்திலிருந்து உரித்தேன். பசையைத் துடைக்க மண்ணெண்ணெய். என் வண்டியில் நான் செய்த முதல் மாடிஃபிகேஷன் அது. எஞ்சினைத் தொடுமுன் எல்லாரும் செய்யலாம்.

கோவைக்கு மோட்டார் பைத்தியம் புதிதல்ல. லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் பிறந்த கரிவர்தன் மாருதி 800-ன் எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் காரைக் கட்டினார். அவர் 1995-ல் விமான விபத்தில் இறந்த பிறகு, செட்டிபாளையத்துப் பந்தயத் தடத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 2005-ல் இந்த ஊர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார். பெருமைதான். அதே ஊரின் சிறு பட்டறைகளில் மோட்டாருக்கு காயில் சுற்றுவது பெண்கள். ஃபவுண்டரிகளில் கோர் போடும் வேலையிலும் பெண்கள். இரும்பும் எண்ணெயும் பெண்ணின் கைக்குப் புதிது என்று இந்த ஊரில் சொல்பவர் பட்டறைக்குள் எட்டிப் பார்க்காதவராக இருக்க வேண்டும். கூலிக்குத் தொடலாம், விருப்பத்துக்குத் தொடக்கூடாது என்பதே நடைமுறை.

மாற்றங்களைப் பொறுத்தவரை நான் செய்தவை சிறியவை. டயர் 185/60 ஆர் 15-லிருந்து 195/55 ஆர் 15. ரிம் அதேதான். மொத்த விட்டம் 603 மில்லிமீட்டரிலிருந்து 595.5-க்கு வருகிறது, ஒன்றேகால் சதவீதம்கூடக் குறையவில்லை. வேகமானி அந்த அளவுக்குக் கூட்டிக் காட்டும். சுமைக் குறியீடு பழையதைவிடக் குறையக் கூடாது, அதைப் பார்த்து வாங்கினேன். அதே அளவில் நல்ல பிரேக் பேட். பிறகு சீட். உயரத்தையும் தூரத்தையும் பெல்ட் தோளில் விழும் இடத்தையும் என் உடம்புக்குச் சரிசெய்ய ஒரு சனிக்கிழமை முழுக்க ஆனது. இது ஆடம்பரம் இல்லை. அமெரிக்க விபத்துத் தரவுகளை வைத்து 2011-ல் வெளியான ஆய்வொன்று, பெல்ட் போட்ட ஆண் ஓட்டுநரைவிட பெல்ட் போட்ட பெண் ஓட்டுநருக்குப் பலத்த காயம் ஏற்படும் வாய்ப்பு 47 சதவீதம் அதிகம் என்றது. மோதல் சோதனைப் பொம்மைகள் நெடுங்காலம் ஆணின் அளவில் இருந்தன. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே கார் ஓர் ஆணுக்காக மாடிஃபை செய்யப்பட்டுத்தான் வருகிறது.

எஞ்சினின் கணினியைத் திருத்திச் சக்தியைக் கூட்டித் தருகிறேன் என்றார்கள். மறுத்தேன். சைலன்ஸரும் வேண்டாம் என்றேன். நிறுவனம் சொன்ன அடிப்படை விவரங்களை மீறி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை வைத்து. மீறினால் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் வரை போகலாம், சிறையும் உண்டு. ஆனால் என் காரணம் சட்டம் மட்டுமில்லை. இரவு ரேஸ் கோர்ஸ் ரோட்டில் சைலன்ஸரைக் கழற்றிவிட்டு வெடிச் சத்தம் போட்டுப் போகும் பையன்கள், நடைப்பயிற்சி போகும் பெண்களின் பக்கத்தில் வந்துதான் ஆக்சிலரேட்டரை முறுக்குகிறார்கள். அந்தச் சத்தத்தை அவர்களிடமிருந்து கடன் வாங்கி நான் என்ன செய்வது?

தோழிகளில் சிலர் கேட்கிறார்கள்: இது வசதியுள்ளவளின் பெண்ணியம் இல்லையா? 2021 மேயிலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. லட்சக்கணக்கானவர்களை வீட்டுக்கு வெளியே கொண்டுவந்தது அதுதானே, உன் டர்போ அல்லவே? சரியான கேள்வி. அந்தப் பேருந்தை நான் எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் கட்டணமில்லாப் பயணத்தில்கூட நம்மை வேலைக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவளாகத்தான் கற்பனை செய்கிறார்கள். நோக்கமில்லாமல் ஊர் சுற்றும் பெண்ணுக்கு இன்னும் ஒரு வழித்தடமும் போடவில்லை. ஸ்டியரிங் பிடிக்கும் பெண்ணைக் கொண்டாடுவதிலும் இந்த ஊருக்கு ஒரு வரம்பு உண்டு. 2023-ல் காந்திபுரம்–சோமனூர் தனியார் பேருந்தை ஓட்டிய ஷர்மிளாவோடு செல்ஃபி எடுக்காதவர் இல்லை. கனிமொழி அந்தப் பேருந்தில் பயணம் செய்த அன்றே, டிக்கெட் தகராறு ஒன்றில் அவர் வேலையிலிருந்து வெளியேறும்படி ஆனது. பிறகு கமல்ஹாசன் கார் பரிசளித்தார். செல்ஃபி எடுத்தவர்களில் வேறு பேருந்துக்கு அவரை வேலைக்குக் கூப்பிட்டவர்கள் எத்தனை பேர்?

மாணவிகளுக்குக் கடைசியாகக் காகித வேலை. பழைய வண்டி வாங்கினால் ஃபார்ம் 29, ஃபார்ம் 30. ஒரே மாநிலத்துக்குள் என்றால், விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓ-வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள். அப்பாவே காசு கொடுத்தாலும், "வண்டி எம் பேர்ல இருக்கட்டும் கண்ணு, ஏதாச்சும்னா ஸ்டேஷனுக்கு நீ அலைய வேண்டாம்" என்று பாசமாகச் சொன்னாலும், படிவத்தில் உங்கள் பெயரை உங்கள் கையால் எழுதுங்கள். ஸ்டேஷனுக்கு நாமே போய்க்கொள்ளலாம். பட்டறையில் எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதைக் கேட்டு வாங்குங்கள். எங்கே தேய்ந்தது என்று கையில் வைத்துப் பாருங்கள். எனக்குப் பின் ஷாக் அப்சார்பர் இரண்டும் அடுத்த மாதம். பழையதை எடுத்து வைக்கும்படி தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.