ஒரு நாள், 400 பவுண்டு, பத்துப் பாட்டு

வேலை வாங்குகிறவர்களுக்கு ரொம்பப் பிடித்த கதை ஒன்று உண்டு. பீட்டில்ஸ் குழு தங்கள் முதல் ஆல்பத்தை ஒரே நாளில் பதிவு செய்து முடித்த கதை. பயிற்சி வகுப்புகளில் இதை நானே இரண்டு முறை கேட்டிருக்கிறேன். இரண்டு முறையும் முடிவு ஒன்றுதான்: "நாலு பையன்களால் ஒரு நாளில் இவ்வளவு முடிந்தது, உங்களால் ஒரு குவார்ட்டரில் ஏன் முடியாது?" மார்ச் மாத டார்கெட்டைத்தான் சொல்கிறார் என்பது புரியாத அளவுக்கு அந்த ஹாலில் யாரும் புதுசு இல்லை :-)

கதை உண்மைதான். அதை வைத்துப் போடும் கணக்குதான் தப்பு. ஏன் என்று சொல்கிறேன்.

1963 பிப்ரவரி 11, திங்கட்கிழமை. லண்டன் ஆபி ரோடில் இருந்த இஎம்ஐ கம்பெனியின் இரண்டாம் நம்பர் ஸ்டுடியோ. 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' என்ற சிங்கிள் நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. சூடு ஆறுவதற்குள் ஒரு எல்.பி. ரெக்கார்டு போட்டுவிட வேண்டும் என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் நினைத்தார். 14 பாட்டு வேண்டும். நான்கு ஏற்கெனவே இரண்டு சிங்கிள்களில் வெளிவந்துவிட்டன. பாக்கி பத்து.

காலை 10 முதல் 1 மணி, மதியம் 2.30 முதல் 6, இரவு 7.30 முதல் 10.45 வரை. மொத்தம் மூன்று செஷன், பத்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. டேப்பில் இரண்டே ட்ராக். ஒன்றில் வாத்தியங்கள், மற்றதில் குரல்கள். இன்று மாதிரி ஒவ்வொருவராக வந்து வாசித்துவிட்டுப் போய், பிறகு கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொள்கிற வசதி இல்லை. நாலு பேரும் ஒன்றாக நின்று வாசித்து, ஒன்றாகப் பாட வேண்டும். ஒருவர் சொதப்பினால் எல்லோரும் முதலிலிருந்து.

மதியச் சாப்பாட்டுக்கு ஸ்டுடியோ ஆட்கள் வெளியே போனார்கள். இவர்கள் வரவில்லை. பாலைக் குடித்துக்கொண்டு ஒத்திகை பார்க்கிறோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். ஆட்கள் திரும்பி வந்தபோதும் வாசித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஜான் லெனனுக்கு அன்று கடும் ஜலதோஷம். 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' தொண்டையைக் கிழிக்கிற பாட்டு. அதை முதலில் பாடினால் அன்றைக்கு வேறு எதுவும் பாட முடியாது என்று தெரிந்து, மார்ட்டின் அதைக் கடைசிக்கு ஒதுக்கினார். இரவு பத்து மணிக்கு மேல், குரல் போகிற நிலையில் லெனன் பாடிய முதல் டேக்தான் நாம் இன்றும் கேட்பது. இரண்டாவது டேக்குக்குக் குரல் மிச்சம் இல்லை.

செலவு சுமார் 400 பவுண்டு என்று மார்ட்டின் பின்னால் சொல்லியிருக்கிறார். பையன்களுக்கு ஒரு செஷனுக்குத் தலா ஏழரை பவுண்டு. மார்ச் 22ஆம் தேதி ரெக்கார்டு வெளியானது. பிறகு பிரிட்டனில் 30 வாரம் முதலிடம்.

இதுவரை பயிற்சியாளரும் சொல்வார். இனிமேல் அவர் சொல்லாதது.

அன்றைய டேக் எண்ணிக்கையைப் பாருங்கள். வங்கிக்காரன் புத்தி, எண்களைத்தான் முதலில் பார்க்கும். 'மிஸரி' அவர்கள் அப்போதுதான் எழுதிய பாட்டு. 11 டேக். 'தேர்ஸ் எ ப்ளேஸ்' அவர்களுடையதுதான். பத்து டேக், அதற்குப் பிறகும் ஒட்டு வேலை. 'ஹோல்ட் மீ டைட்' 13 டேக் எடுத்தும் சரிவராமல், ரெக்கார்டில் சேர்க்காமலே விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு ராத்திரி செஷனில் எடுத்தவை மற்றவர்களின் பாட்டுகள், மேடையில் வாசித்து வாசித்துப் பழகியவை. 'ஆனா' மூன்று டேக். 'பேபி இட்ஸ் யூ' மூன்று. ரிங்கோ ஸ்டார் பாடிய 'பாய்ஸ்' ஒரே டேக்!

காலையில் தெம்பாக இருந்தபோது பத்து டேக். ராத்திரி களைத்துப் போன பிறகு ஒன்று, மூன்று. அவசரம் நாள் முழுக்க ஒன்றுதான். வித்தியாசம் பழக்கத்தில்.

அந்தப் பழக்கம் எங்கே வந்தது? ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்துப் பக்கத்து கிளப்புகளில். 1960 ஆகஸ்டிலிருந்து 1962 டிசம்பர் வரை ஐந்து முறை போனார்கள். முதல் முறை போனபோது தினமும் நாலரை மணி நேரம், சனி ஞாயிறு ஆறு மணி நேரம் மேடை. தூக்கம் ஒரு சினிமா தியேட்டரின் பின்னறையில். கேட்க வந்தவர்கள் மாலுமிகளும் குடிகாரர்களும். பிடிக்காவிட்டால் எழுந்து போவார்கள். நடுவே லிவர்பூல் திரும்பினால் கேவர்ன் கிளப். அங்கே மட்டும் கிட்டத்தட்ட 300 தடவை. கடைசி ஹாம்பர்க் இரவு 1962 டிசம்பர் 31. அதிலிருந்து 42ஆம் நாள்தான் இந்த பிப்ரவரி 11.

இன்னொன்று. இதே மாதிரி ஒரு நாள் ஒரு வருஷம் முன்பும் வந்தது. 1962 ஜனவரி 1, லண்டனில் டெக்கா கம்பெனியில் தேர்வு. அன்று 15 பாட்டு வாசித்தார்கள். வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குள் இரண்டு ஹாம்பர்க் பயணம் முடிந்திருந்தது. அப்போதும் போதவில்லை. நெருக்கடி கொடுத்தால் திறமை தானாக வெளியே வரும் என்றால் அன்றே வந்திருக்க வேண்டாமா?

எங்கள் தொழிலில் சொன்னால், பிப்ரவரி 11 பணம் எடுத்த நாள். போட்ட நாட்கள் பாஸ்புக்கின் முந்தைய பக்கங்களில் இருக்கின்றன. இஎம்ஐ அந்த டெபாசிட்டில் ஒரு பைசா போடவில்லை. போட்டது பையன்களும், அவர்களை வாசிக்க விட்ட கிளப்காரர்களும்.

எங்கள் வேலையில் நடப்பதும் இதுதான். நான் சேர்ந்த காலத்தில் புது ஆளை மாதக்கணக்கில் ஒவ்வொரு சீட்டாக உட்கார வைப்பார்கள். கேஷ், கிளியரிங், லோன் என்று சுற்றி வந்து, சீனியர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போதே தப்புப் பண்ணிக் கற்றுக்கொள்ளலாம். இப்போது ஆன்லைன் பாடத்தை முடித்த கையோடு பையன் கையில் டார்கெட். எல்லோருக்கும் பிப்ரவரி 11 வேண்டும். ஹாம்பர்க்குக்குச் செலவு செய்ய யாரும் தயாராக இல்லை.

நிறுவனங்களை விடுங்கள், நாம் மட்டும் என்ன செய்கிறோம்? வெளியூரில் பிழைக்க வந்த நம் வீடுகளில் பிள்ளைகளின் பாட்டுக்கும் கிடாருக்கும் குறைவில்லை. ஃபீஸ் கட்டுகிறோம். கட்டிய கையோடு ரிசல்ட் கேட்கிறோம். கிரேடு பரீட்சை எப்போது? போட்டியில் பேர் கொடுத்தாச்சா? சங்கத்துப் பொங்கல் விழாவில் நாலு நிமிஷ மேடை. அதற்கு மூன்று ஒத்திகை, ஒரு வீடியோ, ஊரில் இருக்கும் பாட்டிக்கு ஃபார்வர்டு. முடிந்தது. எங்கள் அபார்ட்மெண்டில் நாலு பையன்கள் ஒரே பாட்டை மூன்று மாதமாக அடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு தமிழ், ஒரு மராத்தி, ஒரு பெங்காலி, ஒரு மலையாளி. நன்றாக இல்லை என்பது உண்மை. அசோசியேஷன் வாட்ஸப்பில் புகார் வந்தது. புகாரைவிட எனக்கு வருத்தமாக இருந்தது அந்தத் தமிழ்ப் பையனின் அம்மா சொன்னதுதான்: "எதுக்கும் யூஸ் ஆகாது சார், டைம் வேஸ்ட்."

2021இல் பீட்டர் ஜாக்சன் எடுத்த 'கெட் பேக்' ஆவணப்படத்தை அந்த அம்மா பார்க்க வேண்டும். ஏறக்குறைய எட்டு மணி நேரம். 1969 ஜனவரியில் உலகப் புகழோடு இருந்த அதே பீட்டில்ஸ் மணிக்கணக்கில் பழைய பாட்டுகளை அரைகுறையாக வாசிக்கிறார்கள், கேலி பேசுகிறார்கள், பேப்பர் படிக்கிறார்கள். அதற்கு நடுவே பால் மெக்கார்ட்னி கிடாரைத் தட்டிக்கொண்டே இருக்க, ஒன்றுமில்லாததிலிருந்து 'கெட் பேக்' பாட்டு கொஞ்சம் கொஞ்சமாக உருவாகிறது. டைம் வேஸ்ட் எது, வேலை எது என்று பிரித்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.

பிள்ளைகளை ஹாம்பர்க் அனுப்பச் சொல்லவில்லை (17 வயதில் இரவு கிளப்பில் வாசித்ததற்காக ஜார்ஜ் ஹாரிசனை ஜெர்மனியிலிருந்து திருப்பி அனுப்பினார்கள்!). அங்கே போன லிவர்பூல் குழுக்கள் எல்லாம் பீட்டில்ஸ் ஆகிவிடவும் இல்லை. நான் கேட்பது சின்ன விஷயம். பல ஊர்களில் தமிழ்ச் சங்கத்துக்குச் சொந்த ஹால் இருக்கிறது. விழா இல்லாத நாளில் பூட்டிக் கிடக்கிறது. சனிக்கிழமை இரண்டு மணி நேரம் பிள்ளைகளுக்குத் திறந்து விடுங்கள். போட்டி வேண்டாம், சர்ட்டிஃபிகேட் வேண்டாம், வீடியோ வேண்டவே வேண்டாம். தப்பாக வாசிக்கட்டும், அடுத்த வாரமும் வரட்டும். கேட்க நாலு பெரியவர்கள் உட்கார்ந்திருந்தால் போதும். பிடிக்காவிட்டால் எழுந்து போய் டீ குடிக்கலாம், தப்பில்லை.

உங்கள் ஊர்ச் சங்கத்தில் இது நடக்குமா? கமிட்டியில் இருப்பவர்கள் யாராவது படித்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சாவி வாங்க நானே வருகிறேன்.