சில்லறைக்குள் சரித்திரம்



ஆரணியில் பட்டு நெய்பவர், தறியில் ஓர் இழை அறுந்தாலும் உடனே கண்டுபிடித்துவிடுவார். அதே கூர்மையோடு உங்கள் வீட்டுச் சில்லறையைப் பாருங்கள்.

ஆண்டுக்குக் கீழே வைரக் குறி இருந்தால், அந்த நாணயம் அச்சானது மும்பையில். நட்சத்திரம் என்றால் ஐதராபாத். புள்ளி என்றால் நொய்டா. குறியே இல்லையென்றால் கொல்கத்தா. 2009ல் வெளியான அண்ணா நூற்றாண்டு 5 ரூபாய் கிடைத்தால், அதில் அவருடைய தமிழ்க் கையெழுத்தையே காணலாம்!

கிடைத்ததைத் தேய்த்துக் கழுவாதீர்கள், மதிப்பு குறைந்துவிடும். 'பழைய நாணயத்துக்கு லட்சம் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இப்படிப்பட்ட மோசடி பற்றி 2021ல் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது.

நாணயத்தைப் பார்த்ததும் அது பிறந்த ஊரைச் சொல்ல முடிகிறதே, அதுதான் நீங்கள் சேர்த்த சொத்து!

அன்புடன்,
ஆசிரியர்