கைதட்டினார்கள், கணக்குக் காட்டவில்லை



"படிக்கிற வயதில் உனக்கேன் இந்த வேலை?" வீதிக்கு வந்த மாணவனை நோக்கி மூத்தோர் வீசும் இக்கேள்வி மிகப் பழையது. 2018 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், சுவீடன் நாடாளுமன்றத்தின் வெளியே, கையால் எழுதிய பலகையொன்றுடன் பதினைந்து வயதுக் கிரேட்டா துன்பர்க் தன்னந்தனியே அமர்ந்தார். புவி வெப்பமேறுவதைத் தடுக்க ஆள்வோர் செய்தது என்ன என்பதே அவர் கேள்வி. சில திங்களுக்குள் அந்த ஒற்றைக் குரல் ஆயிரமாயிரம் குரல்களாயிற்று. ஆஸ்திரேலிய மாணவர்களும் வகுப்பறை நீத்து வீதிக்கு வர முனைந்தபோது, அந்நாட்டின் அன்றைய தலைமை அமைச்சர் ஸ்காட் மாரிசன், பள்ளிகளிலே படிப்பு வளரட்டும், கிளர்ச்சி குறையட்டும் என்று நாடாளுமன்றத்திலேயே கடிந்துரைத்தார்.

இவரைப் போன்றோரைப் பற்றி எனக்குப் பெருங்கவலை இல்லை. கடிந்துரைப்பவர் எதிரணியில் நிற்கிறார். நிற்குமிடம் தெரிகிறது. வாதாடலாம், வெல்லலாம், தோற்கலாம். கவலை தருவோர் வேறு வகையினர். "ஆகா! என்னே உணர்ச்சி! என்னே துடிப்பு!" என்று முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு, இளைஞன் கொண்டுவந்த கோரிக்கைத் தாளை மட்டும் மேசைக்கடியில் தள்ளிவிடும் புண்ணியவான்கள்! அவர்களிடம் எதைச் சொல்லி வாதாடுவது? எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார்களே!

ஜெர்மனியிலே நடந்ததைக் கேளுங்கள்.

2019 மார்ச்சில், அங்கே சுதந்திர சனநாயகக் கட்சியின் தலைவராக இருந்த கிறிஸ்டியன் லிண்ட்னர், உலகப் பொருளாதாரத்தின் சிக்கல்களையெல்லாம் பிள்ளைகள் அறிந்திருக்க இயலாது, இது நிபுணர்கள் பார்க்கவேண்டிய வேலை என்றார். நிபுணர்களைத்தானே அழைத்தார்? வந்தார்கள்! ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாட்டு அறிவியலாளர் 26,000 பேருக்கு மேல் ஓர் அறிக்கையில் ஒப்பமிட்டு, பிள்ளைகளின் கவலைக்கு அறிவியல் ஆதாரம் உண்டு என்று அறிவித்தனர். ஏளனத்தை எதிர்கொள்வது அவ்வளவு எளிதாக முடிந்தது.

பாராட்டின் கதை அப்படியன்று. அதே மார்ச்சில் ஆட்சித் தலைவர் ஏஞ்சலா மெர்க்கல் மாணவர் கிளர்ச்சியை வரவேற்றார். நிலக்கரி மின்நிலையங்களை மூட 2038 வரை ஆகும் என்பது மாணவர்க்கு நெடுங்காலமாகத் தோன்றும், அது தமக்குப் புரிகிறது என்றும் சொன்னார். புரிந்ததாம்! மறு ஆண்டு இயற்றிய சட்டத்திலும் அதே 2038 தான் இருந்தது.

ஏப்ரலில் மாணவர்கள் தங்கள் கோரிக்கைகளை எண்களாகவே எழுதி நீட்டினர். ஒரு டன் கரியமில வாயுவுக்கு 180 யூரோ வரி விதிக்கவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. கனவிலே கண்ட எண்ணன்று அது. ஒரு டன்னால் விளையும் சேதம் இவ்வளவு என்று அந்நாட்டரசின் சுற்றுச்சூழல் அலுவலகமே கணக்கிட்ட தொகை! செப்டம்பர் 20 ஆம் நாள், நகரந்தோறும் இலட்சக்கணக்கானோர் ஊர்வலம் சென்ற அதே நாளில், இரவெல்லாம் கூடிப் பேசிய ஆளுங்கூட்டணி தன் திட்டத்தை வெளியிட்டது. டன்னுக்கு எவ்வளவு? தொடக்கத்தில் 10 யூரோ! சந்தையில் கத்திரிக்காய்க்குப் பேரம் பேசுகிறவர்கூட 180 க்கு 10 என்று கேட்க நாக்கூசுவார். பின்னர் மாநிலங்களின் அவையுடன் நடந்த பேச்சில் அது 25 ஆயிற்று. அதுவும் 2021 இல்தான் நடப்புக்கு வந்தது.

180 யூரோ என்றால் ஏழைத் தொழிலாளி குளிர்காலத்தில் வீட்டைச் சூடேற்றுவதெப்படி? சுரங்கத்தை மூடினால் சுரங்கத் தொழிலாளி பிழைப்பதெப்படி? இப்படிக் கேட்கலாமே எனில், கேட்கத்தான் வேண்டும், நானும் கேட்பேன். உழைப்பவன் வயிற்றில் அடித்து உலகத்தைக் காக்கும் திட்டம் நமக்கு உடன்பாடன்று. ஆனால் அக்கேள்வியை மாணவரிடம் நேரே வைத்து, இது முடியும், இது முடியாது, காரணம் இது என்று சொல்லியிருந்தால், அவர்களைக் குடிமக்களாக மதித்ததாகும். கைதட்டல் அந்தச் சிரமத்தைத் தவிர்க்கக் கண்ட வழி.

கிடைக்காத மறுமொழி நீதிமன்றத்தில் கிடைத்தது. 2019 இறுதியில் இயற்றிய காலநிலைச் சட்டத்தை எதிர்த்து லூயிசா நோய்பவர் முதலான இளைஞர்கள் அரசியலமைப்பு நீதிமன்றத்தை நாடினர். வடகடலின் தாழ்ந்த தீவொன்றைச் சேர்ந்தோரும் அவர்களுள் இருந்தனர். 2021 ஏப்ரல் 29 இல் தீர்ப்பு வெளியாயிற்று. 2030 வரை தாராளமாகப் புகையைக் கக்கிவிட்டு, அதற்குப் பின் எப்படிக் குறைப்பது என்பதைப் போதுமான அளவு வரையறுக்காமல் விட்டால், சுமை இளையோர் தலையில் விழும். அவர்தம் உரிமைகள் நசுங்கும். ஆதலால் சட்டத்தின் அப்பகுதி அரசியலமைப்புக்கு முரண் என்றது நீதிமன்றம். அப்பன் வாங்கிய கடனுக்கு மகன் வட்டி கட்டும் கொடுமை நம்மவர்க்கு விளக்கவேண்டியதன்று.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை! அன்றைய பொருளாதார அமைச்சர் பேட்டர் ஆல்ட்மையர் அத்தீர்ப்பை மெச்சினார். அவர் வீற்றிருந்த அமைச்சரவையின் சட்டத்தையல்லவா நீதிமன்றம் குட்டியது? குட்டு வாங்கிக்கொண்டே கைதட்டிய கோலம்! எனினும் தீர்ப்பு வேலை செய்தது. இரண்டே திங்களில் சட்டம் திருத்தப்பட்டது. 1990 அளவிலிருந்து 2030 க்குள் 55 விழுக்காடு குறைப்பது என்ற இலக்கு 65 ஆயிற்று. நிகரப் புகையை ஒழிக்கும் ஆண்டு 2050 இலிருந்து 2045 க்கு முன்வந்தது.

தோழர்களே, நம் கிளைக் கூட்டங்களுக்கும் இளைஞர்கள் வருகிறார்கள். ஆற்று மணலைப் பற்றியோ, ஏரியில் கலக்கும் ஆலைக் கழிவைப் பற்றியோ பேசுகிறார்கள். துண்டு போர்த்துகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். தீர்மான ஏட்டில் எத்தனை வரி ஏறுகிறது?

மாரிசன் கடிந்த அதே ஆஸ்திரேலியாவில் பிறகு ஒன்று நடந்தது. 2020 இல் நியூ சவுத் வேல்சு மாநிலத்தின் நிலக்கரிச் சுரங்க விரிவொன்றை எதிர்த்து, 18 வயது நிரம்பாத எட்டு மாணவர்கள் வழக்குத் தொடுத்தனர். 2021 மே திங்களில், பிள்ளைகளுக்குத் தீங்கு நேராமல் காக்கும் கடமை அமைச்சருக்கு உண்டு என்றார் ஒரு நீதிபதி. 2022 மார்ச்சில் மேல்முறையீட்டு அமர்வு அதைத் தள்ளுபடி செய்தது. வயது வராதவர் வழக்காடவேண்டுமாயின் மூத்தவர் ஒருவர் அவர்கள் சார்பில் நிற்கவேண்டும் என்பது சட்டம். அந்த எட்டுப் பேருக்காக அப்படி நின்றவர், எண்பது வயதைக் கடந்த கன்னித்துறவி பிரிஜிட் ஆர்தர்.