ஒரே பெட்டகம், ஒரே பிரதி

சேமிப்பகங்களைப் பற்றிப் பேசக் கலைப்பீட மாணவனுக்கு என்ன அருகதை உண்டு என வினவுவோர் உளர். வட்டும் வடமும் பொறியியலாளர் துறை, ஏடும் எழுத்துமே எமது துறை என்பது அவர்தம் வாதம். நன்று. ஆனால் எமது ஏடுகள் இன்று எங்கே உறைகின்றன? பரீட்சைப் பெறுபேறுகள், ஆய்வேடுகள், நூலகப் பட்டியல், துறைகளின் கடிதங்கள் ஆகியன பெரும்பாலும் ஏதோ ஒரு சேர்வர் அறையின் வட்டுகளிலேயே உறைகின்றன. ஏட்டைக் காப்பது எமது கடமையாயின், அது வைக்கப்பட்டிருக்கும் இடத்தைப் பற்றி வினவுவதும் எமது கடமையே.

முன்னர் ஒரு பணிக்கு ஒரு சேர்வர் என்றிருந்தது. இன்று வலுமிக்க சேர்வர்கள் சில நிறுவப்பட்டு, ஒவ்வொன்றினுள்ளும் பல மெய்நிகர்க் கணனிகள் இயக்கப்படுகின்றன. மெய்நிகர்க் கணனி என்பது மாயமன்று. அதன் வட்டு முழுவதும் ஒரு பெருங்கோப்பே. அக்கோப்பை எந்தச் சேர்வர் திறக்கின்றதோ அங்கே அக்கணனி இயங்கும். ஆதலாற் கோப்புகளைத் தனித்தனிச் சேர்வர்களுள் வைக்காது, வலையமைப்பின் வழியே யாவும் அணுகத்தக்க ஒரு பொதுச் சேமிப்பகத்தில் வைக்கின்றனர். ஒரு சேர்வர் பழுதுற்றால் மற்றொன்று அக்கோப்பைத் திறந்து பணியைத் தொடரும். 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் உருவாக்கிய என்.எவ்.எஸ். முறை கோப்புகளைக் கோப்புகளாகவே பகிர்கின்றது. 2004இல் நியமமாக வெளியான ஐ-ஸ்கஸி முறை வலையமைப்பின் ஊடே வெறும் வட்டையே நீட்டிக் கொடுக்கின்றது. இரண்டும் நல்ல முறைகளே. அவற்றைக் குறைகூற நாம் வரவில்லை.

நாம் சாடுவது, இவ்வமைப்பு நிறுவப்பட்ட மறுகணமே 'இனித் தரவுகள் பத்திரம்' என்று விடப்படும் ஆறுதற் பெருமூச்சையே. பொதுச் சேமிப்பகம் சேர்வரின் சாவைத் தாங்கும். தன் சாவைத் தாங்காது. முன்பு ஒரு சேர்வர் வீழ்ந்தால் ஒரு பணி நின்றது. இப்போது பெட்டகம் வீழ்ந்தால் அனைத்தும் ஒருங்கே நிற்கும். "ரெயிட் இருக்கின்றதே" என்பர். ஒரு வட்டு பழுதுற்றால் ஏனைய வட்டுகளிலிருந்து தரவை மீட்பது ரெயிட்டின் பணி. நிர்வாகி கைதவறி அழித்த கோப்பையோ, அது அழிந்தபடியே எல்லா வட்டுகளிலும் நேர்மையாகப் பதித்துவிடும். "நாள்தோறும் ஸ்னப்ஷொட் எடுக்கின்றோம்" என்பர். அதுவும் அதே பெட்டகத்தினுள்தானே? மறுசாவியை வீட்டினுள் வைத்துவிட்டு வெளியே பூட்டியவனின் கதை இது.

அமைக்கும்போதே கைக்கொள்ளப்படும் குறுக்குவழிகள் வேறு. ஐ-ஸ்கஸி வழி வந்த ஒரே வட்டில், பகிர்வுக்கென அமைந்த கோப்பு முறைமை இன்றி இரு சேர்வர்கள் எழுதத் தொடங்கினால், ஒன்றின் எழுத்தை மற்றொன்று அறியாது. வட்டின் உள்ளடக்கம் சிதையும். என்.எவ்.எஸ்.ஸில், வேகத்தை விரும்பி, வட்டிற் பதியுமுன்பே 'பதிந்தாயிற்று' என விடையிறுக்கும் ஒழுங்கைத் தெரிவுசெய்வோரும் உளர். மின்சாரம் தடைப்படாத நாட்டில் இத்துணிவுக்கு ஓரளவு நியாயம் இருக்கலாம். 2022இல் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டையும், 2025 பெப்ரவரி 9ஆந் திகதி நாடு முழுதும் இருளப் பழி பாணந்துறை உபமின்நிலையத்துக் குரங்கின்மேல் விழுந்ததையும் கண்ட எமக்கு அது பொய்ச்சாட்சியே.

இவை வெறும் அச்சங்கள் அல்ல. 2023 ஓகஸ்ட் மாதத்தில் இலங்கை அரச மேகக் கணிமை கப்பம் கோரும் நச்சுநிரலாற் தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகத்தினது உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிப்புற்றன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளவில்லை. வலையமைப்பில் இணைந்திருந்த காப்புப் பிரதியும் சேர்ந்தே பூட்டுண்டது. இணைப்பறுத்து வைத்த பிரதி அக்காலத்துக்கு இருக்கவில்லை.

வறிய நாட்டின் விதி என்று இதனை ஒதுக்க முடியாது. 2025 செப்டம்பர் 26ஆந் திகதி தென்கொரியாவின் டேஜொன் நகரிலுள்ள அரச தரவு நிலையத்தில் லித்தியம் மின்கலங்கள் தீப்பற்றின. 709 அரச முறைமைகள் முடங்கின. அரச அலுவலர்தம் ஆவணங்களை வைத்திருந்த 'ஜி-டிரைவ்' சேமிப்பகத்தின் 858 டெராபைட் தரவும் எரிந்தது. அதற்கு வெளியிடத்துப் பிரதி இல்லை. அளவு மிகப் பெரிது என்பதே சொல்லப்பட்ட காரணம். எதனை இழந்தால் மீட்பது மிகக் கடினமோ, அதற்கே பிரதி வேண்டாம் என்னும் இத்தருக்கத்தை எந்த அளவையியல் ஏற்கும்?

செலவு பற்றிய முறைப்பாட்டுக்கும் விடை உண்டு. இயங்கும் சேமிப்பகத்துக்கே வேகம் வேண்டும். காப்புப் பிரதி மந்தமான மலிவு வட்டிலோ காந்த நாடாவிலோ கிடக்கலாம். அது வேறு கட்டடத்தில், வேறு மின்வழியில், ஒரு பிரதியேனும் வலையமைப்பிலிருந்து கழற்றப்பட்டு இருத்தலே முக்கியம். பணம் போதாவிடின் முதற் சேமிப்பகத்தைச் சிறிதாக வாங்குக.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கிப் பதிப்பிக்க முடிந்தமைக்குக் காரணம், முகமறியா எவரெவரோ வெவ்வேறு ஊர்களில் அவற்றைப் பெயர்த்தெழுதி வைத்தமையே. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறிடத்திற் பிரதி இருந்தவற்றை இன்றும் வாசிக்கின்றோம். தனிப்பிரதிகளின் பெயர்கள் மட்டுமே எஞ்சின. சிலவற்றுக்கு அதுவும் இல்லை. இவ்வனுபவத்தை உடைய சமூகத்தின் மாணவரிடம் 'பெட்டகம் புதியது, விலையுயர்ந்தது' என்று கூறி வாயடைக்க முயல்வது வீண்.

ஆதலின் எமது பல்கலைக்கழகங்களின் பேரவைகளிடம் நாம் கேட்பது இதுவே: முதலாவது மெய்நிகர்க் கணனி பொதுச் சேமிப்பகத்துக்கு மாற்றப்படுமுன், அதன் பிரதி எந்தக் கட்டடத்தில் இருக்கும் என்பதை எழுத்தில் அறிவியுங்கள். பிரதியிலிருந்து ஒரு கணனியை முழுமையாக மீட்டு இயக்கிப் பார்த்த திகதியையும், அதற்கு எடுத்த மணிநேரத்தையும் ஒவ்வொரு தவணையும் அறிவித்தற் பலகையில் இடுங்கள்.